வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களும் ஊரில் இருக்கும் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் அரபு நாட்டுக்கு ஆள் போகாத தெரு என்று ஒன்று கிடையாது. 2015-ல் எடுத்த தமிழ்நாடு இடப்பெயர்வுக் கணக்கெடுப்பு, நம் மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னது. அவர்கள் வீட்டிலிருந்து உதவி கேட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் வளைகுடா நாடுகள் பற்றித்தான் இருக்கும்.

பாஸ்போர்ட்ல ‘ஈசிஆர்’னு போட்டிருக்கு. இது ஏதும் குத்தமா?

குற்றமெல்லாம் இல்லை. ‘எமிக்ரேஷன் செக் ரெக்வயர்டு’, அதாவது குடிபெயர்வு அனுமதி பார்க்க வேண்டியவர் என்பதன் சுருக்கம்தான் ஈசிஆர். பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக இப்படித்தான் வரும். 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி, இந்த பாஸ்போர்ட் வைத்திருப்பவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால், முன்கூட்டியே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வாங்க வேண்டும். சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மலேசியாவும் உண்டு, சிங்கப்பூர் கிடையாது.

அலைச்சல்தான், ஆனால் இந்த அனுமதி வாங்கிப் போகிறவருடைய வேலை ஒப்பந்தமும் முதலாளி பெயரும் அரசாங்கத்தின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பதிவாகிவிடும், இன்சூரன்ஸும் சேர்ந்தே வரும். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் நாங்கள் முதலில் தேடுவது அந்தப் பதிவைத்தான். பத்தாவது சர்டிபிகேட் ‘ஏற்பாடு பண்ணி’ ஈசிஆரை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள், போலிச் சான்றிதழில் மாட்டப்போவது அவர் இல்லை.

ஏஜென்ட் நம்ம சொந்தக்காரர்தான். நம்பலாம்ல?

சொந்தக்காரர் என்பதால்தான் நிறையப் பேர் ரசீது கேட்பதில்லை. இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது, பதிவு இல்லாதவர்கள் என்று புகார் வந்தவர்களின் பட்டியலும் இருக்கிறது. அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு அதில் போட்டுப் பாருங்கள். “லைசென்ஸ் சென்னையில இருக்கிற பெரிய ஆபீஸ் பேர்ல இருக்கு, நான் அவங்களுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறேன்” என்பார். சப்-ஏஜென்ட் என்று ஒரு ஆளைச் சட்டம் ஏற்கவே இல்லை.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு ரசீது தர வேண்டும். ஊரில் லட்சத்துக்கு மேல் போகிறது என்று எனக்கும் தெரியும். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான், கையில் காசாகக் கொடுக்காதீர்கள். பேங்க் மூலமாகவோ ஜிபேயிலோ கொடுங்கள். அவர் ‘வேண்டாம், கேஷாகக் கொடுங்க’ என்று வற்புறுத்தினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விசிட் விசால போய் இறங்கிட்டா அங்கேயே வேலை விசாவா மாத்திக்கலாம்ங்கறாங்க. எங்க ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் போனாங்க.

போனார்கள், சிலருக்கு மாறியும் இருக்கிறது. மாறாதவர்கள் ஊரில் அதைப் பேசுவதில்லை. விசிட் விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம். சம்பளம் தரவில்லை என்று புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி உங்கள் பக்கமே திரும்பும். மேலே சொன்ன பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் இருக்காது. ஈசிஆர் காரர்களை விசிட் விசாவில் அனுப்பும் ஏஜென்ட் அந்த அனுமதியைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்கிறார்.

இதில் இன்னொரு வகை படித்த பையன்களுக்கு. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப்போய், அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் விட்டுவிடுவது. 2022-ல் தமிழ்நாட்டுப் பையன்கள் பலரை அங்கிருந்து மீட்டுக் கொண்டுவந்தார்கள். கம்போடியா, லாவோஸ் பக்கமும் இதே கதைதான். டைப்பிங் தெரிந்தால் போதும், இன்டர்வியூ வாட்ஸ்அப்பில், டிக்கெட் அவர்களே போடுகிறார்கள் என்றால் சந்தேகப்படுங்கள்.

கிளம்புறதுக்கு முன்னாடி வீட்ல என்னென்ன வெச்சுட்டுப் போகணும்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சேர்த்தேன். எங்களிடம் வரும் கேஸ்களில் பாதி நாள் ஆளைத் தேடுவதில் போவதில்லை, தாளைத் தேடுவதில் போகிறது. ஒரு அக்கா வந்தார். கணவர் ரியாத்தில். கம்பெனி பெயர் என்ன என்றால் “அல்-னு ஆரம்பிக்கும் தம்பி” என்றார். ரியாத்தில் பாதிக் கம்பெனி அல் என்றுதான் ஆரம்பிக்கும். இக்காமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) போட்டோ முன்பு அனுப்பியிருந்தாராம், அந்த போன் தண்ணீர்க் குடத்துக்குள் விழுந்துவிட்டது. கடைசியில் மளிகைக் கடைக்காரர் போனில் பழைய வாட்ஸ்அப்பில் கிடைத்தது, அவரிடம் எதற்கோ ஒரு தடவை அனுப்பியிருக்கிறார்கள்.

அதனால் ஜெராக்ஸ் போட்டு ஒரு பிளாஸ்டிக் கவரில் வையுங்கள்: பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, வேலை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் தாள், ஏஜென்டுக்குப் பணம் போட்ட சான்று. போய்ச் சேர்ந்ததும் இக்காமாவின் இரண்டு பக்கமும் (குவைத்தில் பத்தாக்கா) வாங்கிச் சேர்த்துவிடுங்கள். தங்கும் கேம்ப்பின் லொக்கேஷன், கூட இருக்கும் இரண்டு பேரின் நம்பர், அதில் ஒருவராவது வேறு ஊர்க்காரராக இருந்தால் நல்லது. அமீரகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு, அங்கே தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை உத்தரவுக் கடிதம் தமிழிலும் கிடைக்கும். கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

கவர் யார் கையில் என்பது முக்கியம். அண்ணன் கையில், சித்தப்பா பீரோவில் என்றெல்லாம் வேண்டாம். மனைவி கையில், கல்யாணம் ஆகாதவர் என்றால் அம்மா கையில். நாளைக்குக் கலெக்டர் ஆபீசுக்கு அலையப் போவது அவர்கள்தான்.

இன்சூரன்ஸ்னு சொன்னீங்களே, அது எவ்வளவு? செத்தா மட்டும்தான் வருமா?

‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்று பெயர். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். அடிபட்டோ உடம்பு முடியாமலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஒரு லட்சம் வரை, உடலைக் கொண்டுவரும் செலவு எல்லாம் அதில் இருக்கிறது. 2017-ல் மாற்றிய பிறகு, முதலாளி மாறிப் போயிருந்தாலும் செல்லும்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, அந்த 10 லட்சம் விபத்துக்கு மட்டும். தூக்கத்தில் நெஞ்சுவலி வந்து போனவருக்குக் கிடைக்காது. எங்களிடம் வரும் சாவுகளில் நெஞ்சுவலிதான் அதிகம், பத்து லட்சம் வரும் என்று ஊரே சொல்லி வைத்திருக்கும், அதை இல்லை என்று சொல்வதற்கு நமக்கே வாய் வராது. இரண்டாவது, காலம் முடிந்ததும் ஆன்லைனிலேயே புதுப்பிக்கலாம், ஆனால் ஒருவரும் செய்வதில்லை. ஆறு வருடமாக அங்கே இருப்பவரின் பாலிசி எப்போதோ காலாவதி ஆகியிருக்கும். இன்று ராத்திரி பேசும்போது தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூணு மாசமா சம்பளம் வரலைங்கறாரு. இங்கேர்ந்து நாங்க என்ன செய்ய முடியும்?

இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். அங்கே அவர் அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்க வேண்டும். சவுதியில் முதலில் சமரசப் பேச்சு என்று கூப்பிட்டு 21 நாளுக்குள் முடிக்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். வேலையை விட்டு ஒரு வருடம் கழிந்துவிட்டால் அங்கே வழக்கை எடுக்க மாட்டார்கள். ‘அடுத்த மாசம் தந்துடுவான்’ என்று காத்திருந்தே அந்த ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் நிறைய.

இங்கே நீங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் போடலாம், அது நேராகத் தூதரகத்துக்குப் போகும். 2015-லிருந்து இருக்கிறது, இலவசம். பாஸ்போர்ட் எண், கம்பெனி பெயர், அங்குள்ள போன் நம்பர் கேட்கும், அதற்குத்தான் அந்தக் கவர். கூடவே கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை மனுநாளில் ஒரு மனு, சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கு ஒரு நகல். அந்தத் துறையின் இலவச எண் 1800 309 3793.

அப்புறம் அவரிடம் சொல்லி வையுங்கள், அரபியில் எழுதின எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்து வேண்டாம். ‘எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி டிக்கெட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது பழைய வழக்கம்.

பாஸ்போர்ட்டை கஃபீல் புடுங்கி வெச்சிருக்கான். பேசாம ஓடி வந்துடலாமா?

கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது சவுதி, அமீரகம், கத்தார் எல்லாவற்றிலும் சட்டப்படி தவறு, நடைமுறையில் எல்லா இடத்திலும் நடக்கிறது. ஓடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது ஹுரூப். ஆள் ஓடிவிட்டான் என்று முதலாளி பதிவு செய்துவிட்டால், அதன் பிறகு தப்பு முழுக்க இவர் தலையில். வெளியே வேலை பார்த்தால் பிடிபடுவார், சம்பள பாக்கி கேட்கும் வழியும் சுருங்கிவிடும்.

அடி, பட்டினி, உயிருக்கு ஆபத்து என்றால் சட்டமெல்லாம் அப்புறம், நேராகத் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள். மற்றபடி வெளியேறுவதற்கு முன்பே அமைச்சகத்தில் ஒரு புகார் பதிவாகியிருப்பது நல்லது, ‘நான் ஓடவில்லை, புகார் கொடுத்துவிட்டு வந்தேன்’ என்று காட்ட ஒரு எண் கையில் இருக்கும். ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவர் என்றால் தூதரகம் அவுட்பாஸ் (ஊர் திரும்ப மட்டும் தரும் தற்காலிகப் பயணத் தாள்) கொடுக்கும், அபராதம், தர்ஹீல் (நாடு கடத்தும் மையம்) வழியாக வர வேண்டியிருக்கும். அவ்வப்போது பொது மன்னிப்பு அறிவிப்பார்கள், 2024-ல் குவைத்திலும் அமீரகத்திலும் அறிவித்தார்கள். அந்தச் சமயத்தில் தயங்கினால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

எங்கம்மா வீட்டு வேலைக்கு குவைத் போயிருக்காங்க. ரெண்டு மாசமா போன் எடுக்கல.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டு வேலைக்குப் போனவர்கள் மாதக்கணக்கில் அந்த வீட்டு வாசலைத் தாண்டாமல் இருப்பார்கள், பக்கத்தில் பார்த்துச் சொல்ல ரூம்மேட்டும் கிடையாது. இன்றே ‘மதத்’ தளத்தில் புகார் போடுங்கள், அனுப்பிய ஏஜென்ட் மேல் போலீசிலும் எழுதிக் கொடுங்கள். ஏஜென்டுக்கு அந்த வீட்டு நம்பர் தெரியும், போலீஸ் கூப்பிட்டதும் அம்மா போனில் வந்துவிட்ட கேஸ் உண்டு. குவைத்திலும் சவுதியிலும் இப்படி வெளியே வந்த பெண்கள் தங்கத் தூதரகமே இடம் வைத்திருக்கிறது. டிக்கெட், சாப்பாடு, சின்ன அபராதம் கட்ட 2009-ல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது, அதிலிருந்து கொடுப்பார்கள்.

ஈசிஆர் பாஸ்போர்ட்டில் 18 நாடுகளுக்குப் போகும் பெண்களுக்கு 30 வயது முடிந்திருக்க வேண்டும், வீட்டு வேலைக்கு அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும் என்பது விதி. நம்மூரில் அது 1978-லிருந்து இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். தனியார் ஏஜென்ட் ‘டூரிஸ்ட்டா போய்டுங்க’ என்று அனுப்பியிருந்தால் அதையே புகாரில் எழுதுங்கள். அம்மாவுக்குப் பிரச்சினை வருமோ என்று மறைக்காதீர்கள், தூதரகத்துக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

அண்ணன் இறந்துட்டாருன்னு போன் வந்துச்சு. உடம்பு எப்ப வரும்?

அமீரகம் என்றால் சில நாளில் வந்துவிடலாம். சவுதி என்றால் வாரக்கணக்கு, போலீஸ் விசாரணை இருந்தால் இன்னும் கூட. அங்கே மரணச் சான்று, போலீஸ் அறிக்கை, தூதரகத்தின் தடையில்லாச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று எல்லாம் சேர வேண்டும். இங்கிருந்து நெருங்கிய வாரிசின் சம்மதக் கடிதம் கேட்பார்கள், உடலை ஊருக்கு அனுப்பவா, அங்கேயே அடக்கம் செய்யவா என்று. இதில் வீட்டுக்குள் இரண்டு கருத்து இருந்தால் தாமதம் ஆவது அங்கே இல்லை, இங்கே. சவுதியில் தகனம் செய்ய வழியில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

2024 ஜூன் 12 குவைத் மங்காஃப் தீ விபத்தில் இறந்த 45 இந்தியர்களில் 7 பேர் தமிழர்கள். விமானப்படை விமானத்திலேயே இரண்டு நாளில் கொச்சிக்குக் கொண்டுவந்தார்கள். டிவியில் அதைப் பார்த்த குடும்பங்கள் ‘எங்களுக்கு மட்டும் ஏன் ஒரு மாசம்’ என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். தனியாக ஒரு கேம்ப்பில் இறந்தவருக்குப் பின்னால் தினமும் தள்ளிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். விமானம் உறுதியானதும் அயலகத் தமிழர் நலத்துறைக்குச் சொல்லிவிட்டால் திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ வீடு வரை வண்டி அரசே கொடுக்கும். கார்கோ பகுதியில் வாங்கப் போகிறவர் தன் ஆதாரையும், இறந்தவரின் பாஸ்போர்ட் நகலையும் எடுத்துப் போக வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் அங்கே காக்க வைக்காதீர்கள், மணிக்கணக்கில் ஆகும்.

காரியமெல்லாம் முடிஞ்சுது. கம்பெனிக்காரன் பணம் தருவானா?

சம்பள பாக்கி, பணிக்கொடை அவசியம் வர வேண்டும். எப்படி இறந்தார் என்பதைப் பொறுத்து மற்றவை. வேலையிடத்து விபத்து என்றால் இழப்பீடு, இன்னொரு வண்டி மோதியது என்றால் ரத்தப் பணம் (உயிரிழப்புக்கு மோதியவர் தரப்பு தரும் ஈட்டுத் தொகை) என்ற கணக்கு. இவை தூதரகத்தில் வைப்பாகி, மாவட்டக் கலெக்டர் மூலம் வாரிசுகளுக்கு வரும். அதனால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் உடனே வாங்குங்கள். மனைவி, பிள்ளைகளோடு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் வாரிசு. மருமகளும் மாமியாரும் பேச்சுவார்த்தை இல்லை என்றால் அந்தப் பணம் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பெரும்பாலும் எங்கள் வேலை எம்பசியோடு முடியாமல் இந்த இடத்தில்தான் இழுக்கும்.

பவர் ஆஃப் அட்டர்னி கேட்டால் தூதரகம் கொடுக்கும் படிவத்தில், தூதரகம் சொல்லும் பெயருக்கே கொடுங்கள். ‘அங்க எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு’ என்று ஊர்க்காரர் கொண்டுவரும் தாளில் வேண்டாம்.

ஏஜென்ட் மேல புகார் குடுக்கப் போனா, ‘டெல்லில அனுமதி வாங்கணும்மா’ன்னு போலீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க.

பாதி உண்மை. குடிபெயர்வுச் சட்டம் 27-வது பிரிவில், வழக்கு நடத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. அதே பிரிவின் அடுத்த வரியிலேயே, போனவரோ போகவிருந்தவரோ, அவர் சார்பில் அப்பா, அம்மா, மனைவி போன்றவர்களோ புகார் கொடுத்தால் அனுமதி தேவையில்லை என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் புகாரோடு இணையுங்கள். மோசடிப் பிரிவில் போடும் வழக்குக்கு எப்படியும் இந்த அனுமதி எல்லாம் தேவையே இல்லை. ஸ்டேஷனில் வாங்காவிட்டால் எஸ்.பி. அலுவலகம், மாவட்டக் குற்றப்பிரிவு. பேங்கில் போட்ட பணத்தின் சான்று இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

எங்க வீட்டுக்காரர் ஒரு வருஷமா காசும் அனுப்பல, போனும் இல்ல. அங்க வேற கல்யாணம்ங்கறாங்க.

முதலில், அவர் நல்லபடியாக வெளியில் இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். ஜெயிலிலோ ஆஸ்பத்திரியிலோ கிடக்கும் ஆளைப் பற்றியும் ஊர் இதேதான் பேசும். ‘மதத்’ தளத்தில் ‘தொடர்பு இல்லை’ என்று போட்டால் தூதரகம் விசாரித்துச் சொல்லும்.

நன்றாக இருந்துகொண்டே விட்டுவிட்டார் என்றால் ஜீவனாம்ச வழக்கை நீங்கள் இருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே போடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, எண் 15100. உண்மையிலேயே தகவல் இல்லாமல் போனவர் என்றால் ஏழு வருடம் கழித்துத்தான் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கும், அது தேதி தெரிந்தால்தான் கணக்கு. அதனால் இன்றே ஒரு போலீஸ் புகார் பதிவாகட்டும்.

புள்ள அவங்கப்பாகிட்ட போன்ல பேசவே மாட்டேங்குது. அவரு என்னைத் திட்டுறாரு.

மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பா என்பவர் ஐமோவில் வரும் ஒரு முகம், அதுவும் தூக்கம் வரும் நேரத்தில். ‘பேசு பேசு’ என்று போனை மூஞ்சியில் வைத்தால் ஓடத்தான் செய்யும். அவர் பேச வேண்டும் என்பதைவிட, போனை ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளை விளையாடுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை லீவு நாளில் பகலில் கூப்பிடச் சொல்லுங்கள்.

உங்களைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் மாமியார் அக்கவுண்டுக்கு வந்து, பிள்ளை ஃபீஸுக்கு அவரிடம் கை நீட்ட வேண்டியிருப்பதுதான் பல வீடுகளில் சண்டையின் வேர். இரண்டு அக்கவுண்டுக்கும் பிரித்து அனுப்பச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தூக்கம் வராமல், யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலேயே பேசுவார்கள், ஊரில் யாருக்கும் தெரியாது.

பாதியிலேயே திரும்பி வந்துட்டாரு. கடன்காரன் வாசல்ல நிக்கிறான், இவரு வெளியவே வர மாட்டேங்கறாரு.

ஏமாந்து வந்தவரை ஊர் ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்றுதான் பார்க்கும். வீட்டிலும் அதைச் சொல்லிக் காட்டினால் அவர் அடுத்த விசாவுக்கு, இன்னும் மோசமான ஏஜென்டிடம் போவார். முதல் மாதம் கணக்குக் கேட்காமல் விடுங்கள்.

கடனுக்கு: அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது, மிரட்டினால் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அங்கே கற்ற தொழில் (வெல்டிங், ஏசி மெக்கானிக், ஜேசிபி ஓட்டுவது) இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் திட்டங்கள் உண்டு, பேங்க் மேனேஜரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். சம்பள பாக்கி விட்டுவிட்டு வந்திருந்தால், மேலே சொன்ன ஒரு வருடக் கணக்கை மறக்காமல் இப்போதே தூதரகத்துக்கு எழுதுங்கள்.

உடம்பைக் கொண்டுவர ஒருத்தர் அம்பதாயிரம் கேக்கறாரு, தானும் சோசியல் வொர்க்கர்தான்ங்கறாரு. குடுக்கலாமா?

வேண்டாம். ‘மதத்’ தளத்தில் புகார் போட, தூதரகத்தில் சான்று வாங்க, நல நிதியிலிருந்து உதவி கேட்க எதற்கும் இடையில் ஆள் தேவையில்லை. கார்கோ செலவு முதலாளியின் பொறுப்பு, அவர் கைவிட்டால் மேலே சொன்ன நிதி அல்லது இன்சூரன்ஸ். அங்கே உண்மையாகவே ஓடியாடி உதவும் நம் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் குடும்பத்திடம் பணம் கேட்க மாட்டார்கள், பாஸ்போர்ட் நகலும் சம்மதக் கடிதமும்தான் கேட்பார்கள். இவர் கேட்பது எதற்கான செலவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அந்தத் தாளை எங்களுக்கும் ஒரு போட்டோ அனுப்புங்கள்.